வைக்கோல் கட்டுக்குப் பின்னால் ஒரு கால்

உன் ரோசின் கட்டியை இன்று காலை வெளியே எடுத்தேன். சமையலறை இழுப்பறையில் ஃபியூஸ் கம்பிக்கும் பழைய சாவிகளுக்கும் நடுவில், நீ சுற்றிக் கொடுத்த அதே நீல வெல்வெட் துணியில் கிடந்தது. வயலின் வில்லுக்குத் தேய்க்கிற அந்தக் கட்டி இப்போது ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. விரலால் தேய்த்து முகர்ந்தேன். செத்துப்போன சிநேகிதனின் வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்கும். நான் எழுந்துபோய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். என் லட்சணம் உனக்குத் தெரியாததா? பயந்தாங்கொள்ளி என்று எனக்குப் பெயர் வைத்தவனே நீதானே.

நேற்று மத்தியானம் தொலைக்காட்சியில் ஒன்று பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் எனக்குச் சரியாகச் சொல்ல வரும்.

ஜெர்மனிக்குப் படிக்க வந்த புதிதில் டார்ம்ஸ்டாட் விடுதியில் நாம் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோம். நீ மெக்கானிக்கல், நான் எலெக்ட்ரிக்கல். திருச்சியிலிருந்து நீ கொண்டுவந்ததில் உருப்படியான பொருள் அந்த வயலின் ஒன்றுதான். கம்பளிச் சட்டைகூட இல்லாமல் வந்து இறங்கினாய். ஊரில் பதினைந்து வருஷம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டவன், இங்கே வந்து, முகாம் போட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் வானொலியில் அவர்கள் ஊர் நாட்டுப்புறப் பாட்டான கன்ட்ரி மியூசிக் கேட்டு மயங்கிப்போனாய். "டேய், இவன் இழுக்கிற இழுப்பைக் கேளுடா! நேரா நிக்காம வழுக்கிட்டுப் போறான் பாரு. நம்ம ஆளுடா இவன்!" என்று என் படிப்பைக் கெடுத்தாய். நம் ஊர்ப் பெரியவர்கள் மாதிரியே அவர்களும் வயலினைப் பிடில் என்றுதான் சொல்கிறார்கள் என்பதில் உனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அவர்கள் முகாமுக்குப் பக்கத்துக் கிளப்பில் சில சிப்பாய்கள் வாரம் ஒருமுறை கூடிப் பாடுவதைக் கண்டுபிடித்து, அழைக்காத வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவன் மாதிரி நீயே போய் நின்றாய். வாசிக்கச் சொன்னார்கள். நீ ஷூவையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தாய். தரையில் சம்மணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாய். அவர்கள் சிரித்தார்களாம். நீ ஒரு சுற்று வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். அந்தக் கதையை நீ என்னிடம் எத்தனை முறை சொன்னாய் என்று கணக்கே இல்லை, ஒவ்வொரு முறையும் சிரித்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

சனிக்கிழமை சாயங்காலம் பொதுக்கூடத்துத் தொலைக்காட்சியில் எப்போதாவது கன்ட்ரி பாட்டுகளைப் போடுவார்கள். அப்போது நீ படுத்தும் பாட்டைத் தாங்க முடியாது. பாடுகிறவர் தலையில் ஒரு பெரிய தொப்பி இருக்கும், கேமரா அந்தத் தொப்பியைவிட்டு இறங்கவே இறங்காது. அட்டையில் வரைந்த கள்ளிச்செடி, வைக்கோல் கட்டு, குட்டைப் பாவாடை போட்ட நடனப் பெண்கள், ஒரு நிஜக் குதிரை. கூடியிருந்த ஜனங்கள் கை தட்டுவார்கள். அதுவும் எங்கே தட்டக் கூடாதோ அங்கேயே விடாமல் தட்டுவார்கள். பிடில் தனியாக எழும்பும் இடம் வந்தவுடனே கேமரா குதிரைக்குப் போய்விடும். "கையக் காட்டுடா! கையக் காட்டுடா! குதிரையா வாசிக்குது?" என்று நீ தமிழில் கத்துவாய். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் விடுதிக் காவலர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். நான் உன் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.

அவரைப் பார்த்தால் எனக்கு நடுக்கம்தான். சாம்பல் நிற மேலங்கி, இடுப்பில் சாவிக்கொத்து. அந்தச் சத்தம் கேட்டாலே செய்யாத தப்பெல்லாம் ஞாபகம் வரும். நீ நடைபாதையில் வெறுங்காலோடு நடக்கிறாய் என்று தினமும் உன்னைத் திட்டுவார். நீ தலையாட்டிவிட்டு மறுநாளும் வெறுங்காலோடு நடப்பாய். நம் மாடியில் இருந்த ஈரான் மாணவனை உனக்கு ஞாபகம் இருக்கும். உணவகத்தில் தட்டுக் கழுவினான். மாணவனாக வந்தவன் வேலை பார்க்கக் கூடாது என்று நம் எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் முத்திரை இருந்தது. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். படிப்பு முடிய ஒரு பருவம் இருக்கும்போது பெட்டியோடு இறங்கிப் போனான். சொன்னது காவலர்தான் என்று விடுதி முழுக்கப் பேச்சு. அவன் அறையைப் பூட்டிவிட்டு அவர் படியிறங்கிய சத்தத்தை நான் போர்வைக்குள் இருந்து கேட்டேன்.

அந்தப் பீதி அடங்குவதற்குள் நீ ஓடிவந்து சொன்னாய், நீ சேர்ந்து வாசிக்கிற சிப்பாய்க் கோஷ்டியைத் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று.

"போகாதேடா," என்றேன். "கிளப்ல வாசிச்சா நாலு சிப்பாய்க்குத் தெரியும். டிவில வந்தா நாடே பார்க்கும். நம்ம விசாவைப் பார்க்கிற ஃபாரினர்ஸ் ஆபீஸ்லயும் டிவி இருக்குடா."

"நான் காசு வாங்கலையே."

"வாங்கலைன்னு சொன்னா யார் நம்புவா?"

நீ உன் இடது கையை விரித்துப் பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "ஒரே ஒரு தடவைடா. ஒரு தடவையாவது அவங்க கையைக் காட்டணும். அது என் கையா இருந்துட்டுப் போகட்டும்."

உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் பயணச் செலவுக்கு உன் அப்பா விற்ற நிலம் போனது போனதுதான், உன் படிப்பும் போய்விடும். அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் போனாய்.

படப்பிடிப்பு முடிந்து நீ திரும்பிய கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாய்.

"பாட்டையும் என் பிடிலையும் முன்னாடியே ரெக்கார்ட் பண்ணியாச்சு. இன்னிக்கு சும்மா ஆக்டிங்தான். சத்தம் வரக் கூடாதுன்னு என் வில்லுக்கு சோப்பு போட்டுட்டான்டா!"

நின்றுகொண்டு வாசிக்கச் சொன்னார்களாம். உனக்கு நின்று வாசிக்கத் தெரியாது, தோளில் வைத்தால் வழுக்கிவிடும். தரையில் உட்கார்ந்தாய். தரையில் உட்கார்ந்தவனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இயக்குநருக்குத் தெரியவில்லை, நேரமும் இல்லை. இரண்டு ஆட்களை விட்டு உனக்கு முன்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கச் சொல்லிவிட்டார்.

"மறைச்சு வெச்சவனுக்கு எதுக்குடா சோப்பு?" என்று கேட்டாய். உன் குரல் உடைந்திருந்தது. உன்னைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே, வைக்கோல் போதுமான உயரத்துக்கு இருந்ததா என்று கேட்கவும் வாய் துடித்தது. கேட்கவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஒளிபரப்பான சனிக்கிழமை நீ கீழே வரவில்லை. "நீ போய்ப் பாரு. நானும் அங்க இருந்தா டிவி மூஞ்சியையும் நிஜ மூஞ்சியையும் பக்கத்துல வெச்சுப் பார்த்த மாதிரி ஆயிடும்," என்று நீயே சொன்னாய். நான் தொலைக்காட்சிக்கு ஒட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். படம் ஆடினால் ஆன்டெனாவைத் திருகுவது எப்போதும் என் வேலை. உன் முகம் வந்தால் ஒரே திருகாகத் திருகிவிடுவது என்று கையை அதன்மேலேயே வைத்திருந்தேன். காவலர் வழக்கம்போல் நடு நாற்காலியில் இருந்தார்.

தொப்பி வந்தது. கள்ளிச்செடி வந்தது. பாவாடைகள் சுழன்றன. ஜனங்கள் தப்பான இடத்தில் தட்டினார்கள். அப்புறம் உன் பிடில் எழுந்தது. அந்த வழுக்கலை எங்கே கேட்டாலும் நான் அடையாளம் சொல்வேன். கேமரா வைக்கோலைக் காட்டியது. வைக்கோல் கட்டின் ஓரத்தில், தரையோடு தரையாக, ஒரு வெறுங்கால் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

நான் ஆன்டெனாவைத் திருகினேன், படம் கலங்கியது.

"கையை எடு!" என்று காவலர் அதட்டினார். எடுத்துவிட்டேன். படம் தெளிந்தது. அவர் முன்னால் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். தினமும் நடைபாதையில் பார்த்துத் திட்டுகிற கால். உடனே குதிரை வந்துவிட்டது. ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

"நன்றாக வாசிக்கிறான்," என்றார். "யார் அது? ஏன் காட்டமாட்டேன் என்கிறார்கள் இந்த முட்டாள்கள்?"

நீ இத்தனை நாளும் கத்திய அதே கத்தல், ஜெர்மனில். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

மேலே வந்தபோது நீ கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாய். "கையக் காட்டினாங்களா?"

"காலைக் காட்டினாங்க."

நீ உன் காலைக் குனிந்து பார்த்தாய். சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காவலர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். "உன் நண்பனிடம் சொல். வெறுங்காலோடு இருக்கக் கூடாது. இங்கே மட்டுமல்ல, எங்கேயும் கூடாது." சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். மிரட்டலா, நம்மைக் காப்பாற்றச் சொன்ன எச்சரிக்கையா என்று நாம் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து நீ செருப்பு இல்லாமல் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சிப்பாய்களிடம் போவதை நிறுத்தினாய். வில்லைக் கழுவி மறுபடி ரோசின் போடலாம் என்றேன், அப்புறம் பார்க்கலாம் என்றாய். படிப்பு முடியும் வரை அது சோப்போடு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கதவை யார் தட்டினாலும் நாம் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

நீ ஊருக்குக் கிளம்பிய அன்று வயலின் பெட்டியைக் கீழே தூக்கிக்கொண்டு வந்தவர் அந்தக் காவலர்தான். டாக்சியில் அதைப் பதமாக வைத்துவிட்டு உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை விடாமல் கொஞ்சம் திருப்பிப் பார்த்தார். "இதைக் காட்டியிருக்கலாம் அவர்கள்," என்றார். ரயில் நிலையம் போகும் வரை நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே அழுதாய். "இந்த ஆளுக்கா பயந்தோம்? இத்தனை நாள் வாசிக்காம கெடந்தேனேடா!" ரோசினை அப்போதுதான் என் சட்டைப்பையில் போட்டாய். "வெச்சுக்கோ பயந்தாங்கொள்ளி. அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கறேன்." எனக்கு அப்போதும் பயம் விடவில்லை. ரயில் நகரும்வரை பிளாட்பாரத்தில் சீருடைக்காரர் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன வருஷம் உன் தம்பி எழுதியிருந்தான். மஞ்சள் காமாலை. கடிதம் என் கைக்கு வருவதற்குள் உன் காரியமெல்லாம் முடிந்திருந்தது. நீ வாசிக்கும்போது எடுத்த படம் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தான். இரண்டு நாள் தேடினேன். பனியில் எடுத்தது இருக்கிறது, சைக்கிளோடு எடுத்தது இருக்கிறது. வயலினோடு ஒன்றுகூட இல்லை. அடையாளம் மிஞ்சக் கூடாது என்று படம் எடுக்க விடாமல் தடுத்ததே நம் பயம்தானே.

நேற்று என் மியூனிக் வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பழைய நிகழ்ச்சிகளின் மறுஒளிபரப்பு. தொப்பி வந்தது, கள்ளிச்செடி வந்தது. கையிலிருந்த துணி விழுந்தது. ஓடிப்போய் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை படம் ஆடிவிடக் கூடாது என்று. பிடில் எழுந்தது. வைக்கோல் ஓரத்தில் உன் கால் வந்தது. கட்டைவிரல் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. சோப்புப் போட்ட வில்லை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், அத்தனை சுத்தமாக நீ வாசித்துக்கொண்டிருந்தாய். நீ ஒருமுறைகூடப் பார்க்காத உன் நிகழ்ச்சி. நான் திரையைக் கையால் தொட்டேன். அதற்குள் குதிரை வந்துவிட்டது.

உலகத்தில் நீ வாசித்ததற்கு இருக்கிற ஒரே படம் அந்தக் கால்தான். தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதிக் கேட்கப்போகிறேன், இன்னொரு முறை போடுங்கள் என்று. கையொப்பமும் முகவரியும் போட்டுத்தான் எழுதப்போகிறேன். ஆனால் ராத்திரியெல்லாம் ஒரே யோசனை. பதிவு செய்தது மாறாது, நான் எலெக்ட்ரிக்கல் படித்தவன், எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறதுடா. அடுத்த தடவை அந்தக் குதிரை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?