யாரோட சாப்பிடுவ?

கூட்டாளி,

கைப்பேசியில் ஒரு சோற்றுத் தட்டின் படம் வந்திருக்கிறது. சோறு, கோழி வறுவல், பயற்றங்காய்ப் பிரட்டல். தட்டின் ஓரத்தில் இன்னொருத்தியின் கை தெரிகிறது. நாம் படித்த கல்லூரியின் கேண்டீனிலிருந்து பவித்ரா அனுப்பியது. பதில் போட வேண்டும். என்ன எழுதுவதென்று தெரியாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். என் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.

பவித்ராவை உனக்குத் தெரியாது. அவள் விண்ணப்பம் நீ போன பிறகு வந்தது. புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, பழைய தோட்டத் தொழிலாளர் லயத்தில் வீடு. உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாம் இருவரும் நடத்திவந்த உதவித்தொகை இனிமேல் கிடையாது என்று சொல்லத்தான் அங்கே போனேன். நம்மோடு படித்தவர்கள் வழக்கம்போலப் பணம் அனுப்பத் தயாராகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் தெம்பில்லை. விண்ணப்பத்தைப் பார்ப்பது என் வேலை, பிள்ளையைப் பார்ப்பது உன் வேலை. ஒரு கை தட்டி ஓசை வருமா? போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால், "இல்லேன்னு சொல்றதா இருந்தாலும் வீட்டுக்குப் போயி, அவங்க கலக்கிக் கொடுக்கிற தண்ணியக் குடிச்சிட்டுச் சொல்லணும்" என்பது உன் சட்டமாயிற்றே. செத்தும் என்னை விரட்டுகிறாய்.

முன்கூடத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்று பக்கத்து வீட்டு இரவல் என்று நிறத்திலேயே தெரிந்தது. சின்ன மேசையில் இரண்டு கோப்பை மைலோ. தப்பு என்னுடையது. விண்ணப்பித்தவர்களுக்கு வருடா வருடம் அனுப்பும் கடிதத்தில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். 'நாங்கள் இருவர் வருவோம்' என்ற வரி அப்படியே கிடந்திருக்கிறது. இன்னொருவர் எங்கே என்று பவித்ராவின் அம்மா வாசலைப் பார்த்தார். பின்னால் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

கல்விக் கடன், விடுதி என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். 'இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது, நீ ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும் கேள்வி.

"காலேஜுல யாரோடம்மா சாப்பிடுவ?"

கட்டணத்துக்குக் கடன் கிடைக்கும், சோற்றுக்குத்தான் யாரும் கொடுப்பதில்லை என்று வாதாடி, நம் உதவியைச் சாப்பாட்டுக்கென்றே ஒதுக்க வைத்தவள் நீ. நாம் படாததா? முதல் பருவத்தில், மத்தியானம் எல்லோரும் கேண்டீனுக்குப் போகும்போது நான் நூலகத்தின் கடைசி மேசைக்குப் போவேன். கோலா குபு பாரு பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த நீ, அங்கே ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருப்பாய். பக்கம் புரளாது. மூன்றாம் நாள் நீயே பேசினாய்: "சாப்பாட்டு நேரத்துல லைப்ரரிக்கு வர்றவங்கல்லாம் படிக்க வர்றதில்ல லா."

அன்றிலிருந்து ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, இரண்டு பேருக்கு. சம்பல் உனக்கு, நெத்திலி எனக்கு. முட்டை இருக்கும் நாளில் பெரிய பாதி யாருக்கு என்று சண்டை. அரை வயிறுதான். ஆனாலும் அந்த மூன்று வருடமும் நான் தனியாகச் சாப்பிட்டதில்லை.

இதையெல்லாம் பவித்ராவிடம் சொன்னேன். அதோடு, அந்த இன்னொருவர் வரமாட்டார் என்பதையும் சொல்லவேண்டியதாயிற்று. தைப்பூசம் முடிந்த வாரம் நீ போய்விட்டாய் என்பதை, முன்பின் தெரியாத ஒரு வீட்டில்தான் முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன். அழுதுவிட்டேன். அந்த அம்மா ஆறிப்போன மைலோவை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தார். பவித்ராவை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உன் மைலோவை அவள்தான் குடித்தாள்.

"யாரோட சாப்பிடுவேன்னு தெரியல ஆன்ட்டி," என்றாள். "போயிட்டு மெசேஜ் பண்றேன்."

அதற்குமேல் 'இல்லை' என்று எப்படிச் சொல்வது? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சொன்னபடி அனுப்பிவிட்டாள். தட்டோரத்துக் கை நூருலுடையது, கிளந்தான் பெண்ணாம், தினமும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்களாம். கீழே இன்னொரு வரி: "நீங்க இப்ப யாரோட சாப்பிடுறீங்க ஆன்ட்டி?"

பினாங்கிலிருந்து என் மகன் தினமும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிறான். யாரோடு என்று கேட்டதில்லை. நீ போனதிலிருந்து கோலா சிலாங்கூர் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சோற்றைக் கட்டி வாங்கிவந்து, டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறேன். பொறுக்க முடியாத நாட்கள் இருக்கின்றன.

அடுத்த வருடத்துக் கடிதம் மேசையில் கிடக்கிறது. 'இருவர்' என்பதைத் திருத்தப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். இப்போதுதான் பவித்ராவுக்குப் பதில் போட்டேன்: "தனியாத்தாம்மா சாப்பிடுறேன். லீவுல வந்தா என்னோட ஒரு வீட்டுக்கு வர்றியா? ரெண்டு நாற்காலி போட்டிருப்பாங்க."

அவள் இன்னும் பார்க்கவில்லை. பார்த்து, சரியென்று சொன்னால் உன் நாற்காலியில் உட்காரட்டும். கேள்வியை மட்டும் நான்தான் கேட்பேன்.