கூட்டுபவர் என்று எழுதியிருக்கிறார்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்
கூட்டேரிப்பட்டு அரிசி மில்லில் இன்று அவித்த நெல் நூறு மூட்டை. நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்துவிட்டது. கூலிக்குக் கையெழுத்துப் போடும்போது கிளார்க் ஜெகதீசன் போனில் பேசிக்கொண்டிருந்தான். ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பிப் படித்தேன். ஐந்தாவது வரை படித்தவள், தடுமாறாமல் படிப்பேன்.

விருத்தாசலம், களத் தொழிலாளி, 650. சவுரியம்மாள், கூட்டுபவர், 450.

நானா கூட்டுகிறவள்? பதினோரு வருஷமாக அவனும் நானும் ஒரே களத்தில், ஒரே மாதிரிப் பலகையால் நெல் தள்ளுகிறோம். துடைப்பம் பிடிப்பது சாயங்காலம் கால்மணி நேரம்.

கேட்டதற்கு, "பொம்பளைங்கள அப்டித்தான் எழுதுவாங்க ஆயா" என்றான்.

ஆகஸ்ட் 5
விருத்தாசலத்திடம் சொன்னேன். தனக்குக் குடும்பம் இருக்கிறதாம்.
"அப்ப நான் என்னா, காத்தக் குடிச்சிக்கினு இருக்கேனா?"
பலகையை எடுத்துக்கொண்டு களத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 7, வியாழன்
ஒருநாள் கூலி போனால் போகட்டும் என்று விழுப்புரம் தொழிலாளர் அலுவலகம் போனேன். பேத்தி ஜெசிந்தா மனுவை டைப் அடித்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே எழுதினேன். இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

ஆபீசர் அம்மா முழுக்கப் படித்தார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி கொடுக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது என்றார்கள். ஆனால் ரிஜிஸ்டரைக் காட்டி, இவர்களுக்கு வேறு வேலை என்று முதலாளி சொல்லுவாராம். அடுத்த வாரம் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்கள்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எப்படிக் காட்டுவது?

ஆகஸ்ட் 11
முதலாளி ராஜாமணி கூப்பிட்டு, வயசாகிவிட்டது, பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கலாமே என்றார். ரொம்பப் பிரியமாக. நிறுத்தினால் நிறுத்தட்டும், எனக்கென்ன பயம் — பொய். பயம்தான். ஆனாலும் மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன்.

ஆகஸ்ட் 13
சித்ராவிடமும் மற்ற நாலு பெண்களிடமும் பேசிவிட்டேன். கூட்டுபவர் என்று முதலாளி சொன்னால் கூட்டுவோம். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14
ஆபீசர் அம்மா இரண்டு மணிக்கு வந்தார்கள். முதலாளி ரிஜிஸ்டரை விரித்து, "பொம்பளைங்களுக்குக் கூட்டுற வேலை மட்டுந்தாங்க மேடம்" என்றார். ஆறு பேரும் பலகையை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தோம்.

களம் முழுக்க நெல், இன்றும் நூறு மூட்டை. மயிலம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாலு ஆண்கள் மட்டும் தள்ளினார்கள். அரைக் களம்கூடக் குவியவில்லை, தூறல் விழுந்துவிட்டது. சித்ரா என்னையே பார்த்தாள். நெல் நனைந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? துடைப்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

முதலாளி ஓடி வந்தார். "ஏய் சவுரி, வந்து பலகையப் புடிங்கடி. தெனம் நீங்கதான தள்றீங்க, இன்னிக்கி என்னா வந்துச்சி?"

"கூட்டுறவங்கன்னு நீங்கதானங்க சொன்னீங்க."

"எல்லாரும் ஒரே வேலதான், ஜல்தியா வா."

ஆபீசர் அம்மா எழுதிக்கொண்டார்கள். அப்புறம்தான் பலகையைத் தொட்டோம். பத்து மூட்டை நனைந்தது. நாங்கள் தள்ளியிருக்காவிட்டால் நூறும் போயிருக்கும்.

ஆகஸ்ட் 20
வேலைக்கு வராதே என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. தினமும் போகிறேன், எட்டு மணிக்கு முன்னாடியே.

செப்டம்பர் 8, திங்கள்
ரிஜிஸ்டரில் எங்களையும் களத் தொழிலாளி என்று எழுதிய நாளிலிருந்து விருத்தாசலம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனுக்கு ஒரு பைசா குறையவில்லை, என்ன கோபமோ.

செண்பகம் என்று ஒருத்தி புதிதாக வந்தாள், திருவெண்ணெய்நல்லூர்க்காரி. பலகை பிடிக்கக் கற்றுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "இங்க பொம்பளைக்கு என்னா கூலி ஆயா?"

"அப்டி ஒரு கூலி இங்க கெடயாது" என்றேன். "களத்துக்கு அறநூத்தம்பது. குனிஞ்சி தள்ளு."