பெட்டிக்கு வந்த சில்லுக் கதிரை

செவ்வாய் இரவு, மலாவி.

திருகோணமலையில் பஸ் ஏறி இன்று மூன்றாம் நாள். மூன்று விமானம் மாறியாயிற்று. அடிஸ் அபாபாவில் இறங்கியதும், என் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவன், நடக்க ஏலாதவர்களை இருத்தித் தள்ளும் சில்லுக் கதிரையைப் பிடித்தபடி நின்றான். ஊரில், லிங்கநகரில் இருந்தபடி தம்பி பார்த்த வேலை. டிக்கெட் போடும்போதே சொல்லி வைத்திருக்கிறான்.

பென்ஷன் எடுத்த மருத்துவிச்சிதான் நான். ஆனால் இங்கே மலாவி ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவள், நோயாளியாக வரவில்லை. பெட்டியைக் கதிரையில் இருத்திவிட்டுப் பக்கத்தில் நடந்தேன்.

சற்றுமுன் தம்பி போன் எடுத்தான்.

“அக்கா, கதிரை வந்ததோ?”

“ஓம், வந்தது. பெட்டிக்குத்தான் நடக்க ஏலாமப் போச்சு.”

கால் வீங்கிச் சப்பாத்துக் கழலவில்லை. அதை அவனுக்குச் சொல்லவில்லை. கிடக்கட்டும். விடிய ஆஸ்பத்திரிக்குப் போக எப்படியும் போடத்தானே வேண்டும்.