காலை ஏழேகால் படம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இடுப்பைத் தவிர மற்றபடி நலமாகவே இருக்கிறேன். அதை நீ தினமும் காலை ஏழேகாலுக்குத் தெரிந்துகொள்கிறாய் என்பது எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்ல ஒரு டீக்கடைக்காரன் இல்லை, அதனால் கேட்டு எழுதுகிறேன்.

உன் அம்மா போன பிறகு ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்ட மனமில்லாமல்தான் முனைக் கடைக்குப் போகிறேன், யாருடைய சிநேகத்துக்காகவும் இல்லை. செங்கல்லை முட்டுக்கொடுத்த பெஞ்சு, தெரு முழுக்க வாய் வைத்த கிளாஸ்களுக்கு ஒரே வாளித் தண்ணீர், ஒரு பேப்பரை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லும் கூட்டம். இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவன் நடுவில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. முடிவெட்டுகிறவர் எனக்கு அரசியல் கற்றுத்தருகிறார், பிளம்பர் இருக்கிறாரே, அவர் வைத்தியம் சொல்கிறார். கடைக்காரன் மாதக்கணக்காக என் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்து, “சார், வெளிச்சத்துப் பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்பான். புதுப் போனைப் பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்து நானும் மடையன் மாதிரி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

செவ்வாயன்று இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை, கடைக்குப் போகவில்லை. எட்டு மணிக்குக் கதவை இடி இடியென்று இடிக்கிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தால் மூன்று பேரும் நிற்கிறார்கள், பிளம்பர் கையில் ஸ்பேனர், பூட்டை உடைக்க. கேட்காமலே உள்ளே வந்து, கழுவாத பாத்திரம் வரை பார்த்தாயிற்று. “இன்னிக்கு போட்டோ வரலன்னு பாப்பா போன்ல அழுவுது சார், பனியனோட இருந்தாலும் பரவால்ல, ஒரு போட்டோவுக்கு நில்லுங்க” என்கிறான் கடைக்காரன். முடிவெட்டுகிறவர் சும்மா இருக்காமல், “அப்படியே ஒரு ஷேவும் பண்ணிவிட்டுடவா, பொண்ணு பயந்துடப் போவுது” என்றார். திட்டித் துரத்திவிட்டேன். போகும்போது பிளம்பர் குழாய்ச் சொட்டை நிறுத்திவிட்டுத்தான் போனார், அதையும் நான் கேட்கவில்லை.

வீட்டைப் பங்கு பிரித்தபோது என் புத்தக அலமாரியைக்கூட விடாத என் தம்பியை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் கல்யாணத்துக்கு அழைத்தாய். பதினாலு மாதமாக நான் உன் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம், இப்போதும் அது சரியென்றுதான் சொல்வேன். ஆனால் என் மகள் என்னைப் பற்றி விசாரிக்கிற இடம் அந்தப் பெஞ்சு இல்லை. ஒரு டீக்கடைக்காரன் சொல்லி என் மகள் அழுததை நான் தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை.

இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு காலை கூப்பிடு, உன் சித்தப்பா பேச்சு மட்டும் வேண்டாம். போன் அலமாரி மேல் இருக்கிறது. ரொம்ப நேரம் அடித்தாலும் வைத்துவிடாதே, நான் எழுந்து வர நேரமாகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா