திருச்செந்தூர் என்று எழுதியவள்

டீச்சர்,

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் வழியில் ரோடு போடுகிறார்கள். இன்று காலை பஸ் நின்றுவிட்டது. சன்னல் வழியாகத் தார் வாசம் வந்ததும், நீங்கள் போய் எட்டு மாதமானது மறந்து, "தூத்துக்குடி வாசம் வருது டீச்சர்" என்று, நீங்கள் எப்போதும் உட்காரும் பக்கத்து சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தோணி கட்டுவதைக் காட்டியே தீர வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். "மரம் ஏன் மிதக்குதுன்னு எம்புட்டு நாளைக்குப் போர்டுலயே வரைவேன்?" வயசுக்கு வந்த பிள்ளைகளைக் கோயிலுக்கென்றால்தான் விடுவார்கள் என்று, பெரிய கெட்டிக்காரி போல 'திருச்செந்தூர் சுற்றுலா' என்று வீடுகளுக்குச் சீட்டு எழுதியவள் நான். பிள்ளைகளிடம் கொடுத்துவிட நம்மூர்க் கடையிலேயே விபூதிப் பொட்டலமும் வாங்கினேன். "உள்ளதச் சொல்லுவோம் டீச்சர்" என்று நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை.

தூத்துக்குடியில் பாதி கட்டிய சரக்குத் தோணி நின்றது. பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை வைத்து அடித்து, மேலே தார் பூசினார்கள். செல்வி திரியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் அம்மா நூல் மில்லில் வேலை பார்த்தவள். "இந்தப் பஞ்சா டீச்சர் கடலத் தடுக்குது? நான் கப்பல் கட்டத்தான் படிப்பேன்" என்றாள். தார் ஒட்டிய கையை வீடு வரும்வரை கழுவவில்லை.

அவள் அப்பா பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். திருச்செந்தூர் விபூதி பன்னீர் இலையில் அல்லவா வரும்? அந்த அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று. மறுநாளே ஹெச்.எம். அறைக்கு வந்துவிட்டார்.

"பொய் சொல்லிப் பொட்டப்பிள்ளையக் கூட்டிட்டுப் போற பள்ளிக்கூடம் எம்மகளுக்கு வேண்டாம். சீட்டு எழுதுனது யாரு?"

நான் உங்கள் பின்னால் நகர்ந்துகொண்டேன். "நாந்தாங்க" என்றீர்கள் நீங்கள். வெளியே வந்ததும், "விடுங்க, உங்களுக்குப் பயம்" என்றதோடு சரி. அதற்குப் பிறகு வாராவாரம் அவர் ஊர் செட்டியார்பட்டிக்குப் போய் அந்த மனிதரிடம் கெஞ்சினீர்கள். அவர் இளகவேயில்லை.

இன்று பின்சீட்டிலிருந்து "டீச்சர்" என்று குரல் வந்தது. செல்வி. மில்லில் நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறாள், தலையெல்லாம் பஞ்சு. நீங்கள் இறந்ததைச் சொன்னேன்.

"செத்தவியள ஏசக்கூடாது. ஆனா அவிய மட்டும் அந்தப் பொய்ய எழுதாம இருந்திருந்தா நான் படிச்சிருப்பேன், இல்ல டீச்சர்?"

இனி யாருக்குப் பயப்பட வேண்டும் நான்? பஸ் கிளம்பியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன், டீச்சர்.