பக்கக் கிளைப் போத்துகள்

நாள் 611. காலை 7.10
செவ்வாய்க் கோள், பழைய குவிமாடம். வெப்பம் 27. ஈரம் 84. சதுப்புத் தொட்டியில் நீர் போதுமானது. காட்டு ஜாதிக்காய் மரம் நலம். முட்டுவேர்கள் புதிதாக இறங்கியிருக்கின்றன. பூமியில் இந்த இனமே அழிந்துவிட்டது. இருப்பது இது ஒன்றுதான். விதையிலிருந்து வளர்த்தவள் நான், ஆவுடைச்செல்வி. இங்கே சாப்பாட்டுக் கையிருப்பு குறைந்துகொண்டே வருகிறது. நாளை புதுநகர்த் தலைவர் எட்வின் வண்டியில் வந்து, போத்துகளையும் (நடுவதற்கு வெட்டும் கிளைத்துண்டுகள்) என்னையும் அங்கே அழைத்துப்போகிறார்.
புதுநகரில் தூசி படியாத கண்ணாடி கூரை உச்சியில் மட்டும்தான் உண்டு. அந்த வெளிச்சம்வரை ஓங்கக்கூடியது இந்த மரம்தான். மரம் எழாவிட்டால் மூச்சுக்காற்று போதாது; நகரையே மூடி எல்லோரையும் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாள் 612. மாலை 6.40
நான் விண்ணுடை மாட்டிக்கொண்டு வருவதற்குள் எட்வின் கைக்கு எட்டிய பக்கக் கிளைகளாகப் பார்த்து வெட்டிப் பெட்டிகளில் ஏற்றிவிட்டார். ஏணியைத் தொடவே இல்லை. வண்டியும் போய்விட்டது. கிளையை மாற்றி வெட்டிய தப்பைச் சொல்லத்தான் வானொலி மைக்கை எடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்:
"ஆவுட, கோவப்படாத கேட்டியா. செடிக்குத்தான் இடம் இருந்துச்சு. அடுத்த நடைல வந்து கூட்டிட்டுப் போறேன்."
முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் துப்பில்லை. தப்பைச் சொல்லாமலே மைக்கை வைத்துவிட்டேன்.
இதைப் படிப்பவருக்குச் சொல்கிறேன்: நடுத்தண்டின் குருத்தில் எடுத்த போத்துதான் நிமிர்ந்து மரமாகும். பக்கக் கிளைப் போத்து வேர்விடும், தழைக்கும், ஆயுசு முழுக்கத் தரையில் படுத்தே கிடக்கும். நட்ட புதிதில் யாருக்கும் தெரியாது.

நாள் 690. பகல் 1.00
அரை வயிற்றுச் சாப்பாடு. எட்வினின் ஒலிபரப்பு: "அவ்வளவும் வேர் பிடிச்சிட்டு. எல்லாரும் கைகுடுத்தாங்க."
ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். வண்டிக்கு வேலை இருக்கிறதாம்.

நாள் 803. காலை 9.20
வானொலியில் எட்வின்: "என்னத்த செஞ்ச ஆவுட? ஒண்ணுகூட நிக்க மாட்டேங்கு. கம்பு வச்சுக் கட்டினாலும் அவுத்ததும் படுத்துருது."
"தண்ணி ஊத்துங்க சார். நிமிரும்."
வெறும் வயிறு வலிக்கும்வரை சிரித்தேன்.

நாள் 829. மாலை 5.15
நகரில் வானொலி பார்க்கும் மாரிக்கனி பேசினாள்.
"யக்கா, ஊரை மூடப்போறாங்களாம். எம்புள்ள இங்கதான் பொறந்தான். பூமிக்குப் போனா அவன் எலும்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு. மரம் ஏன் நிக்கலன்னு எங்கிட்டயாவது சொல்லுங்கக்கா."
மாரிக்கனி எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால் எட்வினின் குரல் கேட்டது: "சொல்லிட்டாளா? கேட்டுட்டு வச்சிரு."
நானே வைத்துவிட்டேன்.

நாள் 834. காலை 8.00
யாரோ பழைய நூலைப் பார்த்து எட்வினிடம் சொல்லிவிட்டார்கள். "நடுக்குருத்து வேணும். நானே வாறேன். உனக்கும் சீட் போட்டிருக்கேன்."
இப்போதும் அவர் தேடி வருவது குருத்தைத்தான். ஏணி ஏறினேன். மூன்று முறை தலைசுற்றியது. குருத்தை வெட்டி, கழிவைக் கரைக்கும் அமிலத் தொட்டியில் போட்டேன். என் கையால் வளர்த்தது. அழுதேன். ஆனாலும் போட்டேன்.

நாள் 839
வண்டி புழுதிப்புயலில் நிற்கிறதாம். வெட்டிய இடத்துக்குக் கீழே துளிர்கள். எல்லாம் நேராக எழுகின்றன. நடுத்தண்டுத் துளிர், நிமிரத்தான் செய்யும். நேற்று ஏறிக் கிள்ளினேன். இன்று வேறு. சனியன் பிடித்த மரம், யார் பக்கம் நிற்கிறது?

நாள் 843
சாப்பாடு இல்லை. மாரிக்கனியின் பிள்ளையை நினைத்தேன். நினைக்காமல் இல்லை. கிள்ளினேன்.

நாள் 845
ஏணியில் இரண்டு படிக்கு மேல் முடியவில்லை. உச்சியில் ஒரு துளிர் விட்டுப்போயிற்று. விரல் நீளம்.
வெளியே விளக்கு. வண்டி.
"ஆவுட, கதவைத் திற. வெளியில நிக்கேன்."
உள்கதவைக் காலையிலேயே திறந்து வைத்துவிட்டேன்; வெளிக்கதவும் திறந்தால் உள்ளே காற்று மிஞ்சாது, அந்தத் துளிரும் மிஞ்சாது. என் விண்ணுடை ஆணியில் தொங்குகிறது. வெளிக்கதவின் பிடி, உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டுகிறது.
"கேக்குதா? தெறன்னு சொல்லுதேன்."
சொல்கிறார். திறக்கிறேன்