கண்ட கீயை அமுக்கற புள்ள

உங்கள் வீட்டுக் கீபோர்டை இன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் ஓரத்தில் காய்ந்து கிடந்தது. பிரிண்ட் ஸ்கிரீன் கீயின் மேலிருந்த எழுத்து பாதி தேய்ந்திருந்தது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தொடவே தொடாத கீ அது. பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். நம் பக்கத்துப் பழக்கம், திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் வரும். அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நாம் இரண்டு பேரும் ஒரே மாதம் சேர்ந்தோம். நீங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ள, நான் பேக்கிங் லிஸ்ட் அடிக்க. தையல் ஹாலிலிருந்து பறந்து வரும் பஞ்சு சர்வரின் ஃபேனில் அடைத்துக்கொள்ளும். சூடேறி மெசின் அப்படியே நின்றுவிடும். நீங்கள் வந்து பிளக்கைப் பிடுங்குவீர்கள். அரை நாள் அடித்ததெல்லாம் போய்விடும்.

சர்வரை ஓட்டும் லினக்ஸின் அடிப்படை நிரலான கெர்னலுக்குள்ளேயே இதற்கு ஒரு வழி இருப்பதை நான்தான் படித்துக் கண்டுபிடித்தேன். அமைப்பில் ஒன்று என்ற எண்ணைப் போட்டு வைத்துவிட்டால், மெசின் நின்றுபோனாலும் ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்று வரிசையாக அமுக்கலாம். முதல் எழுத்து, அடித்ததில் இன்னும் சேமிக்காத மிச்சத்தை டிஸ்கில் எழுதிவிடும், அடுத்தது டிஸ்கில் எதுவும் எழுதாதபடி பூட்டும், கடைசி எழுத்து மெசினைத் திரும்பக் கிளப்பும். அந்த ஒன்றின் இடத்தில் சுழி, அதாவது பூஜ்யம், இருந்தால் எதை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் அங்கே ஒன்று போட்டேன்.

அதை வைத்து ஒரு தடவை காப்பாற்றினேன். மொதலாளி எல்லோர் முன்னாலும், "அம்மிணி கெட்டிக்காரிங்க" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்பினேன் பாருங்கள்.

ஷிப்மென்ட் நேரத்தில் சர்வர் மறுபடியும் நின்றது. மொதலாளி பின்னால் நிற்க, தைரியமாக அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, பிறகு நிதானமாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினீர்கள். மெசின் திரும்பி வந்தபோது அன்றைக்கு அடித்த பேக்கிங் லிஸ்ட் ஒன்றுகூட இல்லை.

"அம்மிணி கண்ட கீயெல்லாம் அமுக்கிட்டாங்க, நானென்னங்க பண்றது?" என்றீர்கள்.

என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திருப்பூர் பெரிய ஊர்தான். ஆனால் பேச்சு பரவுவதற்கு அது ஒரே தெரு. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "அந்தக் கண்ட கீயை அமுக்கற புள்ள நீங்கதானுங்களா?" என்று கேட்டார்கள். அதனால்தான் அவிநாசியில் சொந்தமாகக் கடை போட்டேன்.

அங்கேயே ஒரு கல்யாணப் பந்தியில் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "அந்த ஒன்னைச் சுழியாக்குனது நாந்தானுங்க அம்மிணி. ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் எதுக்குங்க?" என்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தீர்கள். உங்களுக்கு அது பழைய வேடிக்கை. நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அதுதான் கடைசியாக உங்களைப் பார்த்தது.

இன்று காலை சேவூரிலிருந்து உங்கள் மனைவி போன் செய்தார். கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கும் உங்கள் வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறாராம்.

"அக்கா, மெசின் அப்படியே நின்னு போச்சுங்க. சாயங்காலம் ஸ்டிக்கர் குடுக்கலீன்னா இருக்கற ஒரு கம்பெனியும் போயிருமுங்க. நின்னுதுன்னா அவிநாசி அம்மிணிகிட்டக் கேக்கோணும், அவங்களுக்குத்தான் தெரியும்னு அவரு சொல்லுவாருங்க."

எனக்குத்தான் தெரியுமா? அதை அன்றைக்கு மொதலாளி முன்னால் சொல்லியிருந்தால் நாக்கு வெந்தா போயிருக்கும்?

போனேன், உங்களுக்காக இல்லை. மாலை போட்ட உங்கள் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அமுக்கினேன். எஸ். டிஸ்க் விளக்கு மினுக்கியது. யு, பி. திரை இருண்டு மெசின் கிளம்பியது. உங்கள் மனைவி அடித்து வைத்த ஸ்டிக்கரெல்லாம் பத்திரமாக இருந்தன. ஆக, உங்கள் சொந்த மெசினில் மட்டும் ஒன்று போட்டு வைத்திருக்கிறீர்கள். எழுத்துத் தேயத் தேய அமுக்கியும் இருக்கிறீர்கள்.

"இது உங்களுக்குக் காட்டலீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. மெசின் நின்னுதுன்னா என்னையத் தண்ணி கொண்டாறச் சொல்லிருவாருங்க. வந்து பாத்தா ஓடிட்டு இருக்கும்."

எழுந்து அவரை உங்கள் நாற்காலியில் உட்காரவைத்தேன். விரலைப் பிடித்துக் கீயின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அமுக்கச் சொன்னேன். அடுத்த தடவை அவரே செய்தார். மெசின் கிளம்பியதும், "இவ்வளவுதானுங்களாக்கா?" என்று என்னைப் பார்த்தார். பிறகு உங்கள் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

என் கோபம் ஆறவில்லை. நீங்கள் வைத்த பேரும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அதைச் சுமக்க இனி நான் மட்டும் இல்லை. கண்ட கீயை அமுக்கற புள்ளைங்க இப்போது ரெண்டு பேருங்க.